அபின் பணம் யார் கையில்? – வாசகர் கேள்விகள்

கேள்வி: ஆப்கானிஸ்தானில் தாலிபான்கள், அபின் எடுக்கும் கசகசாப் பயிரைத் தடை செய்துவிட்டார்கள். அப்படியானால் அபின் வியாபாரமே படுத்திருக்க வேண்டுமே?

பதில்: படுத்தது விவசாயிதான். 2022 ஏப்ரலில் தடை வந்தது. அந்த ஆண்டு 2,33,000 ஹெக்டேராக இருந்த சாகுபடி, ஐ.நா. கணக்குப்படி 2023-ல் 10,800 ஹெக்டேராகச் சுருங்கியது. விவசாயிகள் கைக்கு வந்த பணம் 136 கோடி டாலரிலிருந்து 11 கோடி டாலராக விழுந்தது. ஆனால் அபின் தக்காளி அல்ல. உலர்த்தி வைத்தால் ஆண்டுக்கணக்கில் கெடாது. தடை அறிவித்த நேரம் அறுவடைக் காலம் என்பதால் அந்த விளைச்சலை எடுக்க அனுமதித்தார்கள். அதைப் பதுக்கி வைக்க வசதியிருந்த நிலக்காரர்களும் வியாபாரிகளும் பிறகு ஏறிய விலையில் விற்றார்கள். விளைச்சலில் பங்குக்கு அடுத்தவர் நிலத்தை உழுதவரிடம் இருப்பு ஏது?

இதில் கொடுமை கடன்தான். ‘சலாம்’ என்று அங்கே ஒரு முறை உண்டு. குளிர்காலத்தில் வியாபாரி முன்பணம் தருவார். அறுவடையின்போது பேசிய எடைக்கு அபினைக் கொடுத்துவிட வேண்டும். போடும் விலை சந்தை விலையைவிட மிகவும் குறைவு. விளைச்சல் இல்லையென்றால் கடன் அபின் கணக்கிலேயே நிற்கும். 2000-ல், தாலிபான்களின் முந்தைய ஆட்சியில், முதல் தடை வந்தபோது விலை ஏறத்தாழ பத்து மடங்கு ஏறியது. கடனும் கூடவே ஏறியது. நிலத்தை இழந்தவர்கள் உண்டு, கடனுக்கு ஈடாகப் பெண்பிள்ளைகளைக் கட்டிக்கொடுத்தவர்களும் உண்டு. 2024 மே மாதம் ஆப்கானிஸ்தானின் பதக்ஷான் மாகாணத்தில் பயிரை அழிக்க வந்தவர்களோடு விவசாயிகள் மோதி, உயிர்கள் போனதை இந்தப் பின்னணியில்தான் பார்க்க வேண்டும்.

கேள்வி: அபினிலிருந்து செய்யும் ஹெராயின் பிடிபட்டால் ‘பல கோடி மதிப்புள்ள ஹெராயின்’ என்கிறார்களே, அவ்வளவும் ஆயுதக் குழுவுக்கா போகிறது?

பதில்: இல்லை. அது கடைசியாக வாங்குபவர் கொடுக்கும் சில்லறை விலை. வயலும் பாதையும் யார் பிடியில் இருக்கிறதோ அவருக்கு விளைச்சலில் ஒரு பங்கும் சாவடி வசூலும்தான் கிடைக்கும். ஆனால் வறண்ட மாவட்டத்தில் ஒரு படையை நடத்த அதுவே போதும்.

கேள்வி: அரசாங்கங்களே கடத்தல்காரர்களைக் காப்பாற்றுவது ஏன்?

பதில்: பெரும்பாலும் படைபலம் போதாததால். பர்மாவை (மியான்மர்) எடுத்துக்கொள்ளுங்கள். 1989-ல் அங்கே ஆயுதம் ஏந்திப் போராடிய பர்மா கம்யூனிஸ்ட் கட்சி உடைந்தது. அதிலிருந்து பிரிந்த, ‘வா’ இனத்தவரின் படை போன்ற குழுக்களோடு பர்மா ராணுவம் போர்நிறுத்தம் செய்துகொண்டது: ஆயுதமும் பகுதியும் உங்களுக்கு, வியாபாரத்தைக் கண்டுகொள்ள மாட்டோம், எங்களோடு சண்டை மட்டும் வேண்டாம். அமெரிக்கா தலைக்கு விலை வைத்துத் தேடிய பர்மாவின் அபின் கடத்தல் தலைவர் குன் சா 1996-ல் பர்மா ராணுவத்திடம் சரணடைந்தார். அவரை ஒப்படைக்கவில்லை, 2007-ல் இறக்கும்வரை யாங்கோனில் இருந்தார். கண்டுகொள்ளாமல் இருப்பதையே விலைபேசும் இந்த அரசியல், கடத்தலைவிட ஆபத்தானது என்பது எங்கள் கருத்து. 2005-ல் வா பகுதியில் அபின் தடை செய்யப்பட்ட பிறகும் போதை வியாபாரம் நிற்கவில்லை. ரசாயனத்தில் தயாரிக்கும் போதைப்பொருளான மெத்தாம்பெட்டமின் மாத்திரைக்கு வயலும் வேண்டாம், மழையும் வேண்டாம். ரசாயனம் வர ஓர் எல்லை இருந்தால் போதும்.

கேள்வி: கொலம்பியாவில் 2016-ல் அரசுக்கும் ஃபார்க் கெரில்லாக்களுக்கும் சமாதானம் வந்தும், கொக்கெய்ன் எடுக்கும் கோகா செடி குறையவில்லையே?

பதில்: 2016-ல் 1,46,000 ஹெக்டேர்; 2023-ல் 2,53,000 ஹெக்டேர். ஃபார்க் படையினர் விட்டுப்போன ஊர்களுக்கு அரசு போய்ச்சேரும் முன்பே வேறு ஆயுதக் குழுக்கள் நுழைந்துவிட்டன. தாங்களே செடியைப் பிடுங்கிய குடும்பங்களுக்குச் சொன்ன உதவித்தொகை இழுத்தடிக்கப்பட்டது. கோகா இலையை ஆண்டுக்குப் பல முறை பறிக்கலாம், வாங்குபவர் வீடு தேடி வருவார். காப்பி நட்டால் காய்க்க மூன்று ஆண்டுகளாவது ஆகும், மூட்டையைச் சந்தைக்குக் கொண்டுபோகச் சாலையும் வேண்டும். அந்த மூன்று ஆண்டுகளுக்குத் தேவையான பணத்தையும் சாலையையும் முதலில் தந்துவிட்டுத்தான் செடியைப் பிடுங்கச் சொல்லியிருக்க வேண்டும்.