வௌவாலுக்கு அடைத்த துவாரம்

கேள்வி: மாமனார் காலத்து ஓட்டு வீடு. ஏப்ரலில் படுக்கையறைக்கு ஜிப்சம் ஃபால்ஸ் சீலிங் போட்டு, ஏசியும் வைத்தோம். வௌவால் வருகிறது என்று சொன்னதால், மேலே முக்கோணச் சுவரில் இருந்த துவாரங்களைக் கான்ட்ராக்டர் சிமென்ட் வைத்து அடைத்துவிட்டார். ஜூன் மழைக்குப் பிறகு சீலிங் போர்டு முழுக்கக் கருப்பாகப் பூஞ்சை. விளக்கு ஓரத்தில் தண்ணீர் சொட்டுகிறது. "ஓடு ஒழுகுது, அது என் வேலை இல்லை. அடைக்கச் சொன்னதும் நீங்கதான்" என்கிறார். யார் பொறுப்பு?
- வாசகி, நாகர்கோவில்

பதில்: அம்மா, ஓடு ஒழுகுகிறதா என்பதை முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் அதை வைத்துத்தான். மழை விட்டுச் சில நாள் நல்ல வெயில் அடித்த பிறகும், ஏசி ஓடும் இரவில் சொட்டுகிறதா? அப்படியானால் அது ஒழுகல் இல்லை. ஒழுகினால் தண்ணீர் விழும் இடத்தில் மட்டும் பழுப்பு வளையமாகக் கறை படியும். நீங்கள் எழுதியிருப்பதோ போர்டு முழுக்கப் பூஞ்சை. திருகாணித் தலைகளும் வரிசையாகத் துருவேறியிருந்தால் எனக்குச் சந்தேகமே இல்லை.

மண் ஓடு மழையில் ஈரம் குடிக்கும், வெயில் பட்டதும் அதை ஆவியாக விடும். முன்பு அந்த ஆவி துவாரம் வழியாகப் போய்க்கொண்டிருந்தது. இப்போது ஓட்டுக்கும் சீலிங்குக்கும் நடுவே அடைபட்டு, ஏசியால் குளிர்ந்த போர்டின் மேல்பக்கம் நீராகப் படிகிறது. குமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு, காயவே நேரம் கிடைக்காது. அந்தத் துவாரங்களை வைத்துக் கட்டிய பழைய கொத்தனார்களுக்கு இது தெரிந்திருந்தது.

வௌவால் வராமல் செய்யச் சொன்னது நீங்கள், சரி. எப்படிச் செய்வது என்பது அவர் தொழில். கம்பி வலை அடித்திருந்தால் போதும். அடைத்தால் ஈரம் தங்கும் என்று எச்சரித்தும் நீங்கள் பிடிவாதம் பிடித்திருந்தால் பாதிப் பொறுப்பு உங்களுடையது என்பேன். அவர் வாயே திறக்கவில்லை என்றால் பொறுப்பு அவருடையதுதான். "சீலிங் மட்டும்தான் என் வேலை" என்று இனி சொல்லவும் முடியாது, சிமென்ட் பூசியது அவர் ஆள்தானே?

கோபத்தில் போர்டைப் பிய்த்துவிடாதீர்கள், சாட்சியே அதுதான். தேதி தெரியும்படி படம் எடுங்கள். அவரோடு சம்பந்தமில்லாத ஒரு சிவில் இன்ஜினீயரை வரவழைத்து எழுத்தில் அறிக்கை வாங்குங்கள். அப்புறம் கான்ட்ராக்டருக்கு ஸ்பீடு போஸ்ட்டில், வந்து பார்த்துச் சரிசெய்ய 15 நாள் கொடுத்துக் கடிதம் அனுப்புங்கள். அசையவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி இது சேவைக் குறைபாடு. இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுக்க வேண்டும். நீங்கள் அவருக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, வக்கீல் இல்லாமலும் நீங்களே வாதாடலாம். பணத்தை ஜிபேயில் அனுப்பியிருந்தால் அந்தப் பதிவும், வேலை பற்றிய வாட்ஸ்அப் பேச்சும் ஆதாரமாகும். பில் இல்லையே என்று பயப்பட வேண்டாம்.

யார் செலவானாலும் செய்யவேண்டிய வேலை இதுதான். எதிரெதிர்ச் சுவர் இரண்டிலும் துவாரத்தைத் திறந்து வலை அடிக்க வேண்டும். பூஞ்சை பிடித்த போர்டை மாற்றியே ஆகவேண்டும், மேலே பெயின்ட் அடித்துத் தருகிறேன் என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். சீலிங்கில் ஆள் ஏறிப் பார்க்கிற அளவுக்கு ஒரு கதவு வையுங்கள். அதுவரை ஏசியை 26-க்குக் கீழே இறக்காதீர்கள்.

எனக்குக் கவலையெல்லாம் ஓட்டைத் தாங்கும் சாய்வு மரங்களான கைமரங்கள்தான். போர்டு போனால் புதிதாக வாங்கலாம், அந்தக் காலத்து மரம் கிடைக்காது. போர்டைக் கழற்றும் அன்றைக்கே தச்சரைக் கூப்பிட்டு, ஒவ்வொரு கைமரத்தையும் சுவரில் உட்காரும் இடத்தில் திருப்புளியால் குத்திப் பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே இறங்கினால் மரம் இற்றுவிட்டது என்று அர்த்தம், அதை மாற்றும் செலவையும் புகாரில் சேர்த்துவிடுங்கள்.