கல்லாறுக்குப் பிறகு கால்களுக்கு ஓய்வில்லை

கேள்வி: மன்னார்குடியில் ஆசிரியராகப் பணியாற்றுகிறேன், வயது 44. புற்றுநோயால் பாதிக்கப்பட்ட குழந்தைகளின் சிகிச்சைக்கு நிதி திரட்டுவதற்காக, கோவையிலிருந்து குன்னூர் வழியாக உதகை சென்று, மறுநாள் கோத்தகிரி வழியாகத் திரும்பும் சைக்கிள் பயணத்தில் நண்பர்களுடன் சேர்ந்திருக்கிறேன். இன்னும் நான்கு மாதங்கள் இருக்கின்றன. சமவெளியில் 60 கிலோமீட்டர் சிரமமின்றி ஓட்டுவேன். எங்கள் ஊரிலோ பாலத்து ஏற்றத்தைத் தவிர வேறு மேடே கிடையாது. எப்படிப் பயிற்சி செய்வது?

பதில்: 60 கிலோமீட்டர் ஓட்டக்கூடிய உங்களிடம் மலை ஏறுவதற்கான வலிமை பெரும்பாலும் இருக்கிறது. பழக்கத்தில் இல்லாதது, இடைவிடாமல் மிதிப்பதுதான். சமவெளியில் ஓட்டும்போது நம்மை அறியாமலேயே நிமிடத்துக்கு ஒருமுறையாவது பெடலை நிறுத்திச் சைக்கிளை உருளவிடுகிறோம். கால்களுக்கு அந்தச் சில விநாடிகளே ஓய்வு. மேட்டுப்பாளையத்தை அடுத்து மலையடிவாரத்திலுள்ள கல்லாறைத் தாண்டி ஏற்றம் தொடங்கிவிட்டால் அந்த ஓய்வு கிடைக்காது. மேட்டுப்பாளையம் ரயில் நிலையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 330 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, குன்னூர் ரயில் நிலையமோ சுமார் 1,710 மீட்டரில். இந்த உயரத்தில் பெரும்பகுதியைப் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளோடு ஒரே மூச்சாக ஏறவேண்டியிருப்பதால், புதியவர்களுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம்.

ஆகவே, மேடு இல்லாத ஊரிலேயே இதற்குப் பழகிவிடலாம். வாரக் கடைசியில் ஒருநாள், ஒரு மணி நேரம் பெடலை ஒருமுறைகூட நிறுத்தாமல் ஓட்டிப் பாருங்கள். இரண்டு மணி, மூன்று மணி என்று சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். வார நடுவில் ஒருநாள், சற்றுக் கனமான கியரில், இருக்கையை விட்டு எழாமல், பத்து நிமிடம் நிதானமாக அழுத்தி மிதித்து, ஐந்து நிமிடம் இலகுவாக ஓட்டி, மறுபடியும் அதையே மூன்று முறை செய்யுங்கள்; முழங்காலில் வலி தெரிந்தால் உடனே கியரை இலகுவாக்கிவிடுங்கள். மேல்காற்று வீசும் நாட்களில் அதை எதிர்த்து மேற்கு நோக்கி ஓட்டுவது டெல்டாக்காரர்களுக்கு இயற்கை கொடுத்த மலை என்றே சொல்வேன். இருந்தாலும், பயணத்துக்கு ஒரு மாதம் முன்பாக ஒருமுறையேனும் உண்மையான மலையில் ஏறிப் பார்ப்பது அவசியம். சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளோடு ஏறும் ஏற்காட்டுச் சாலை அதற்குப் பொருத்தமானது. இதய நோய், சர்க்கரை, இரத்த அழுத்தம் எதுவும் இருந்தால், பயிற்சிக்கு முன்பே மருத்துவரைப் பாருங்கள்.

சைக்கிளின் கியரைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் நான் மிகவும் கவலைப்படுவது அதைப் பற்றித்தான். பெடலோடு சுற்றும் முன் பல்சக்கரத்தில் 39 பற்கள், பின் பல்சக்கரத்தில் 25 பற்கள் என்ற அமைப்பில் நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் சைக்கிள் மணிக்கு ஏறக்குறைய 12 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும். முன்னால் 34, பின்னால் 32 என்றால், அதே மிதியில் 8 கிலோமீட்டர்தான். வேகம் குறைகிறதே என்று நினைக்காதீர்கள். ஏற்றத்தில் முதல் அமைப்பு உங்கள் கால்களிடம் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு உழைப்பைக் கேட்கும். பர்லியாறு வருவதற்குள்ளேயே தொடைகள் கனத்துப் போய் நிற்பவர்களில் பலரை நிறுத்தியது அந்தக் கியர்தான். கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே மலை ரயிலே தண்டவாளங்களுக்கு நடுவிலுள்ள பல்சட்டத்தைப் பற்றிக்கொண்டு, மணிக்குச் சுமார் 10 கிலோமீட்டர் வேகத்தில்தான் ஏறுகிறது. கடைக்காரரிடம் சொல்லிப் பின்னால் பெரிய பல்சக்கரம் பொருத்த முடியுமா என்று இப்போதே கேளுங்கள். அதற்குச் செயினையும் மாற்றவேண்டி வரலாம்.

ஏற்றத்தின் முதல் அரைமணி நேரம், பக்கத்தில் வருபவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிகிற அளவுக்கு மட்டும் மிதியுங்கள். பசி எடுக்கும்வரை காத்திருக்காமல் அரைமணிக்கு ஒருமுறை ஒரு வாழைப்பழமோ இரண்டு துண்டு கடலை மிட்டாயோ சாப்பிட்டுவிடுங்கள். நீலகிரி மாவட்டத்தில் சிறிய பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்குத் தடை இருப்பதால், சைக்கிளில் இரண்டு குடுவைகளை மாட்டிக்கொண்டு குடிநீர் ஏடிஎம்களில் நிரப்பிக்கொள்ளுங்கள். கல்லாறுப் பகுதியில் யானைகள் சாலையைக் கடப்பதுண்டு என்பதால், விடிவதற்கு முன் அங்கே போக வேண்டாம்.

கேள்வி: இதே பயணத்தில் நானும் கலந்துகொள்கிறேன். ஏற்றத்தைவிடக் கோத்தகிரியிலிருந்து இறங்குவதை நினைத்தால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. (வாசகி, திருப்பூர்)

பதில்: உங்கள் பயத்தை மதிக்கிறேன், அது நியாயமானது. ஏற்றத்துக்கு மாதக்கணக்கில் தயாராகும் பலர் இறக்கத்துக்கு ஒருநாள்கூடப் பழகுவதில்லை. கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் வரை முப்பது கிலோமீட்டருக்கும் மேற்பட்ட இறக்கம். பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே வந்தால், சக்கரத்தின் உலோக வளையமான ரிம்மை அழுத்திப் பிடிக்கும் ரிம் பிரேக் உள்ள சைக்கிளில் ரிம் சூடேறி ட்யூப் வெடிக்கக்கூடும். ஓர் இறக்கத்தின் நடுவில் நிறுத்தியபோது, நண்பர் ஒருவர் ரிம்மை விரலால் தொட்டுவிட்டுச் சட்டென்று கையை இழுத்துக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன். வளைவுக்கு முந்தைய நேர்பாதையிலேயே இரண்டு பிரேக்குகளையும் சேர்த்து உறுதியாகப் பிடித்து வேகத்தைக் குறையுங்கள். வளைவுக்குள் நுழைந்ததும் பிரேக் பிடியைத் தளர்த்தி, வளைவின் வெளிப்பக்கத்துப் பெடலைக் கீழே இருக்கும்படி வைத்து, எங்கே போய்ச் சேர வேண்டுமோ அந்த இடத்தைப் பாருங்கள். பள்ளத்தைப் பார்த்தால் சைக்கிள் பள்ளத்தை நோக்கியே போகும். வழியில் இரண்டு மூன்று இடங்களில் நின்று ரிம்மை ஆறவிடுங்கள். விரல்களுக்கும் அந்த ஓய்வு வேண்டும்.

பேருந்துகளைப் பற்றி ஒரு வார்த்தை. கொண்டை ஊசி வளைவில் பேருந்து திரும்பும்போது, அதன் பின்சக்கரங்கள் முன்சக்கரங்களைவிட உள்ளே வெட்டிக்கொண்டு வரும். உள்பக்கம் இடம் இருப்பதுபோலத் தோன்றினாலும் அங்கே ஒருபோதும் நுழையாதீர்கள். மேலே ஏறிவரும் வாகனத்துக்கு வழிவிடுவது மலைச்சாலையின் விதி. அது சைக்கிளுக்கும் பொருந்தும்.

உதகையில் காலையில் கிளம்பும்போது சட்டைக்குள் மார்பின் மேல் நாளிதழ் தாள்களை மடித்து வைத்துக்கொள்ளுங்கள். குளிர்காற்றை அது நன்றாகவே தடுக்கும். விரல் விறைத்துவிட்டால் பிரேக் பிடிக்க முடியாது. ஆகவே முழுக் கையுறை கட்டாயம். மூடுபனிக்காகப் பின்னால் சிவப்பு விளக்கைப் பகலிலும் எரியவிடுங்கள்.

கேள்வி: எனக்காகச் சுமார் நாற்பது பேர் நன்கொடை தந்திருக்கிறார்கள். பாதியில் முடியாமல் போய் வேனில் ஏற நேர்ந்தால் அவர்கள் முகத்தில் எப்படி விழிப்பேன்? (வாசகர், ஈரோடு)

பதில்: அவர்கள் பணம் தந்தது குழந்தைகளின் சிகிச்சைக்காக, நீங்கள் உதகையைத் தொட்டாலும் குன்னூரில் நின்றாலும் அது மருத்துவமனைக்குத்தான் போகப்போகிறது. இந்தக் கூச்சத்தினாலேயே நெஞ்சுவலியையும் தலைசுற்றலையும் மறைத்துக்கொண்டு மிதிப்பவர்கள் இருக்கிறார்கள் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். மார்பில் இறுக்கம், பேச்சுக் குழறுதல், நிற்காத நடுக்கம் இவற்றில் ஏதாவது ஒன்று தெரிந்தால் அந்த இடத்திலேயே இறங்கி, உடன் வருபவரிடம் சொல்லுங்கள். வேன் உங்களை நேராக மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லட்டும். நன்கொடையாளர்களுக்கு இன்றே ஒரு செய்தி அனுப்பி, முழுத் தூரத்தையும் முடிக்க முயல்வேன், உடல் ஒத்துழைக்காவிட்டால் நிறுத்திவிடுவேன் என்று தெரிவித்துவிடுங்கள். அறக்கட்டளையிடமிருந்து வருமான வரிச்சலுகைக்கான 80ஜி ரசீது கிடைக்குமா என்பதையும் அதிலேயே குறிப்பிடலாம். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தந்தால் அந்த வரிச்சலுகை கிடைக்காது. உதகைக்கு வரும் வெளியூர் வாகனங்களுக்கு 2024 மே 7 முதல் இ-பாஸ் முறை நடைமுறைக்கு வந்திருப்பதால், உடன்வரும் வேனுக்கு முன்கூட்டியே பதிவு செய்யும்படி ஏற்பாட்டாளர்களிடம் நினைவூட்டுங்கள்.