ஓயாத பரபரப்பு ஒரு வார விடுப்பில் தீருமா?

கேள்வி: எனக்கு வயது 38. அலுவலகத்தில் ஒரு குழுவுக்குப் பொறுப்பாளராக இருக்கிறேன். ஒரு வேலையை முடிப்பதற்குள் அடுத்தது வந்து நிற்கிறது. வீடு திரும்பிய பிறகும் படபடப்பு அடங்குவதில்லை, தூக்கமும் வருவதில்லை. சிறு பிழைகள் பெருகிவிட்டன. விரும்பிச் செய்த வேலையே இப்போது எரிச்சலூட்டுகிறது. ஒரு வாரம் விடுப்பு எடுத்தால் சரியாகிவிடுமா?

பதில்: விடுப்பு எடுங்கள், ஆனால் அதை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். திரும்பும் நாளில் அதே வேலைமுறை காத்திருந்தால், விடுப்பில் பெற்ற தெம்பு சில வாரங்களிலேயே கரைந்துவிடும்.

உங்கள் களைப்பைக் காட்டிலும், விரும்பிய வேலையின் மீது வந்திருக்கும் எரிச்சலே எனக்குக் கவலை தருகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டின் 11ஆம் பதிப்பு, 'பர்ன்அவுட்' எனப்படும் பணிச்சோர்வை ஒரு நோயாகக் கருதாமல், சரிவரக் கையாளப்படாத நாள்பட்ட பணியிட அழுத்தத்தின் விளைவாக வரையறுக்கிறது. ஆற்றல் வற்றிப்போதல், வேலையிலிருந்து மனம் விலகுதல் அல்லது அதன் மீது கசப்பு ஏற்படுதல், செயல்திறன் குறைதல் ஆகிய மூன்றும் அதன் அடையாளங்கள். இம்மூன்றின் தொடக்கமும் உங்கள் கடிதத்தில் தெரிகிறது.

அவசரத்தின்போது அட்ரினலின், கார்ட்டிசால் என்னும் அழுத்த ஹார்மோன்கள் சுரந்து இதயத் துடிப்பையும் விழிப்பையும் கூட்டுகின்றன. கார்ட்டிசால் காலையில் உயர்ந்து இரவில் தாழ வேண்டும். படுக்கைக்குப் போகும்வரை அலுவலகச் செய்திகளுக்குப் பதில் எழுதிக்கொண்டிருப்பவரின் உடலுக்கு அடங்குவதற்கு அவகாசமே கிடைப்பதில்லை. பிழைகளுக்கும் விளக்கம் உண்டு. ஒரு வேலையைப் பாதியில் விட்டு வேறொன்றுக்குத் தாவும்போது கவனத்தின் ஒரு பகுதி பழைய வேலையிலேயே தங்கிவிடுகிறது. நாள் முழுவதும் தாவிக்கொண்டிருப்பவர், திறமை குறையாதபோதும் தடுமாறுவார்.

ஆகவே முதலில் குறைக்க வேண்டியது இந்தத் தாவலைத்தான். நாளின் தொடக்கத்தில் ஒரு மணி நேரமாவது அறிவிப்பு ஒலிகளை நிறுத்திவிட்டு ஒரே வேலையில் இருங்கள். மின்னஞ்சலைக் குறிப்பிட்ட சில வேளைகளில் மட்டும் பாருங்கள். அடுத்து, உங்கள் கையிலுள்ள எல்லா வேலைகளையும் ஒரு தாளில் எழுதி, மேலாளரிடம் கொண்டுபோய், இவற்றில் எது தாமதமானால் பாதகமில்லை என்று நேரடியாகக் கேளுங்கள். பலர் இதைக் கேட்கத் தயங்கி, எல்லாவற்றையும் தாமே சுமந்து நோயாளிகளாக வருகிறார்கள். இந்தத் தயக்கத்தை நீங்கள் உடைத்தே ஆக வேண்டும். உங்கள் குழுவினர் உங்களிடம் அதே கேள்வியைக் கேட்கவும் இடம் கொடுங்கள்.

வேலை முடியும் நேரத்தில் மறுநாள் செய்ய வேண்டியவற்றை எழுதி வைத்தால் படுக்கையில் மனம் அவற்றைப் புரட்டுவது குறையும். காபியிலுள்ள காஃபீன் உடலில் பாதியாகக் குறையவே ஏறத்தாழ 5 மணி நேரம் ஆவதால், பிற்பகலுக்குப் பின் காபி வேண்டாம். தூக்கம் 7 மணி நேரத்துக்குக் குறையக் கூடாது. வேலை நேரத்தையும் கணக்கிட்டுப் பாருங்கள்: வாரம் 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிடப் பக்கவாத அபாயம் 35 சதவீதம் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் வெளியிட்ட ஆய்வு மதிப்பிட்டது.

இவற்றோடு ஒருமுறை மருத்துவரையும் பாருங்கள். தைராய்டு மிகையாகச் சுரந்தாலும் இதே படபடப்பும் தூக்கமின்மையும் வரும்; இரத்தசோகை, சர்க்கரை நோய், உறக்கத்தில் மூச்சுத் தடைபடுதல் ஆகியவையும் களைப்பைத் தரும். வேலையில் மட்டுமின்றி, குடும்பம், நட்பு என எதிலுமே மகிழ்ச்சியில்லாத நிலை இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். மனநல மருத்துவரிடம் செல்லுங்கள். வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் தோன்றினால் ஒரு நாளும் காத்திருக்க வேண்டாம். நெஞ்சு வலியோ, கைக்கும் தாடைக்கும் பரவும் வலியோ ஏற்பட்டால், வேலை அழுத்தம் என்று ஒதுக்காமல் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள்.