ஓய்வுபெற்ற பிறகும் கணினி ஆசை குறையாதவர்கள், திரையிலேயே நாளைத் தொலைக்காமல் எப்படி வாழ்கிறீர்கள்?

எனக்கு 67 வயது. கிளிநொச்சியில், இரணைமடு வாய்க்கால் பாயும் பக்கம் இருக்கிறேன். முப்பது வருசத்துக்கு மேல் கணிதம் படிப்பித்துவிட்டு 2018இல் ஓய்வுபெற்றேன். கணினியை அளவோடு வைத்திருக்க நான் பழகியது வன்னியில் மின்சாரம் இல்லாத காலத்தில். அதனால் கொஞ்சம் பின்னால் போய்த்தான் பதில் சொல்ல வேண்டும்.

1985இல் லண்டனில் இருந்து வந்த மச்சான் ஒரு இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் கொண்டுவந்து தந்தார். சின்கிளேர் கம்பனி 1982இல் வெளியிட்ட சின்னக் கணினி. ஒரு அப்பியாசக் கொப்பி அளவுதான் இருக்கும். றப்பர் விசைகள், 48 கிலோபைட் நினைவகம். ரீவியில் பொருத்தினால் அதுதான் திரை. கசெற் றெக்கோடர்தான் சேமிப்பு. கசெற்றை ஓடவிட்டால் கீச்சென்று ஒரு சத்தம் வரும், திரையின் ஓரத்தில் நீலமும் மஞ்சளும் கோடு கோடாய் ஓடும். பெரிய நிரல் ஒன்று ஏற ஐந்து நிமிடம் வரை எடுக்கும். நிரல் எழுதுகிற பேசிக் மொழியின் முழுச் சொற்களும் விசைகளிலேயே இருந்தன. 'பி' விசையை ஒருக்கால் தட்டினால் 'பிரின்ட்' என்ற சொல் முழுதாய் வந்து விழும். நான் எழுதிய இரண்டு வரியைக் கேட்டு ஒரு பெட்டி கணக்குச் செய்து காட்டிய அந்த இரவு நான் நித்திரை கொள்ளவில்லை.

1990இல் எங்கள் பக்கம் மின்சாரம் நின்றது. பிறகு பொருளாதாரத் தடை. பற்றறியும் வராது, எரிபொருளும் வராது. ஜாம் போத்தலில் கொஞ்சம் மண்ணெண்ணெயும் பஞ்சும் போட்டு எரித்த விளக்கில்தான் பிள்ளைகள் படித்தார்கள். ஸ்பெக்ட்ரம் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் கிடந்தது. அந்தக் காலத்தில் சதுரக்கோட்டுக் கொப்பியில் நிரல் எழுதினேன். பாடசாலை நேரசூசியில் ஒரே ஆசிரியருக்கு ஒரே நேரத்தில் இரண்டு வகுப்பு விழுந்தால் கண்டுபிடிக்கிற நிரல் அது. வரிகளுக்கு 10, 20, 30 என்று இடைவெளி விட்டு இலக்கம் போடுவேன், பிறகு நடுவில் ஒன்று செருகலாம். ஓட்டிப் பார்க்க இயந்திரம் இல்லை. பக்கத்து ஒற்றையில் மாறிகளின் பெறுமானங்களை நிரையாக எழுதி, பென்சிலால் வெட்டி வெட்டி, நானே ஓட்டிப் பார்ப்பேன். பிழையை அப்படிக் கண்டுபிடிக்கிற சந்தோசம் இன்றைக்கும் எனக்குப் பெரிது.

2002இல் யுத்த நிறுத்தம் வந்து யாழ்ப்பாணம் போகும் ஏ9 பாதை திறந்த பிறகு, பாவித்த பென்ரியம் கணினி ஒன்று வாங்கினேன். பின்னேரம் ஒரு மணித்தியாலம் ஜெனரேட்டர் போடுவோம். பெற்றோலில் ஸ்ரார்ட் பண்ணி மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது. அந்த ஒரு மணித்தியாலத்தில் என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டு இருந்தால் எண்ணெய் போய்விடும். அதனால் பகலிலேயே ஒரு தாளில் எழுதி வைப்பேன்: இந்த நிரலில் இத்தனையாம் வரி திருத்த வேண்டும், இந்தக் கடிதம் அடிக்க வேண்டும். சத்தம் கேட்டதும் போய் இருந்து, எழுதியதைச் செய்துவிட்டு எழும்புவேன்.

2009இல் கணினி, வீடு, எல்லாம் போனது. அதை இங்கே எழுதப் போவதில்லை. அந்தக் கொப்பி மட்டும் பொலித்தீன் பையில், அடையாள அட்டையோடும் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களோடும் கிடந்து என்னோடு வந்து சேர்ந்தது.

பட்ட கஷ்டத்தைப் பெருமையாகச் சொல்லவில்லை. அப்படி ஒரு தடை எந்தச் சனத்துக்கும் வரக்கூடாது. ஆனால் அந்தத் தாள் பழக்கத்தை, மின்சாரம் வந்த பிறகும் நானாக விரும்பி வைத்துக்கொண்டேன். இப்போது 24 மணித்தியாலமும் கரண்ட் இருக்கிறது, போனிலேயே இணையம் இருக்கிறது. இருந்தும் தாளில் எழுதாமல் கணினியைப் போடுவதில்லை. எழுதியது முடிந்ததும் நிறுத்தி, துணியால் மூடிவிடுவேன். போன் இரவில் குசினி அலுமாரியில் கிடக்கும்.

எங்கள் ஊரில் சிறுபோகத்துக்கு, அதாவது கோடை நெல் விதைப்புக்கு, முன் கமக்காரர் கூட்டம் வைப்பார்கள். இரணைமடுக் குளம் நிரம்பினால் 36 அடித் தண்ணீர். அந்த வருசம் எத்தனை அடி நிற்கிறது என்று பார்த்துத்தான் எத்தனை ஏக்கர் விதைப்பது என்று முடிவெடுப்பார்கள். ஆசைப்பட்டுக் கூட விதைத்தால் கதிர் வருகிற நேரம் வாய்க்கால் காய்ந்துவிடும். என் வயதில் ஒரு நாளில் தெளிவாக இருக்கிற நேரம் மூன்று, நான்கு மணித்தியாலம்தான். அதில் கணினிக்கு ஒன்றரை கொடுக்கிறேன். மிச்சம் தோட்டத்துக்கும் மனுசியோடு கதைக்கவும்.

புதிதாக வாங்குவதையும் நிறுத்திவிட்டேன். என்னிடம் இருப்பது பழைய லப்டொப். ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு, அதைவிட வேகமான எஸ்எஸ்டி சேமிப்பைப் போட்டேன், ராம் நினைவகத்தை 8 ஜிபி ஆக்கினேன், வின்டோஸுக்குப் பதிலாக இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ற் ஏற்றினேன். 2025 ஒக்ரோபர் 14உடன் வின்டோஸ் 10க்கான ஆதரவு முடிந்தபோது, நல்ல நிலையில் இருந்த கணினிகளைக்கூட எறியப் பார்த்தார்கள். அது எனக்கு மனவருத்தமாக இருந்தது. அப்படி எறிய இருந்தவற்றில் ஆறுக்கு நான் மின்ற் போட்டுக் கொடுத்திருக்கிறேன். காசு வாங்குவதில்லை.

போன மாதம் ஒரு பெடியன் பழைய டெஸ்க்டொப்பைச் சைக்கிள் கரியரில் ரியூப்பால் கட்டிக் கொண்டுவந்தான்.

"சேர், நெற் வேலை செய்யுதில்லை. எதைத் திறந்தாலும் பாதுகாப்பில்லை எண்டு வருது. புதுசுதான் வாங்க வேணுமோ?"

"தம்பி, முதல்ல திகதியைப் பார்."

2012 ஜனவரி 1 என்று காட்டியது. தாய்ப்பலகையில் ஒரு ரூபாக் குற்றி போல இருக்கிற சீஆர்2032 பற்றறி செத்தால் கணினிக்கு நாள் மறந்துவிடும். இணையத்தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்களுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. கணினி 2012இல் நின்றுகொண்டு பார்த்தால் அந்தச் சான்றிதழ்கள் இன்னும் தொடங்கவே இல்லை. பற்றறியை மாற்றித் திகதியைச் சரிசெய்தோம், திறந்தது. உள்ளே செம்மண் புழுதியும் எறும்புப் புற்றும் இருந்தன. தூரிகையால் தட்டி எடுக்கத்தான் பின்னேரம் முழுக்கப் போனது.

இப்போது என் தாளில் தினமும் இருப்பது கடிதங்கள். 2004இல் கனடாவில் இருக்கும் தங்கைக்கு, ஆங்கில விசைகளுக்குத் தமிழ் உருவம் கொடுக்கிற பாமினி எழுத்துருவில் அடித்து அனுப்பியவை. என்னிடம் இருந்தவை அழிந்துவிட்டன, அவள் எல்லாவற்றையும் வைத்திருந்து இந்த வருசம் திருப்பி அனுப்பினாள். பாமினி இல்லாத கணினியில் 'அம்மா' என்ற சொல் ஆங்கில எழுத்துகளும் நடுவில் ஒரு அரைப்புள்ளியுமாகத் தெரியும், ஏனென்றால் அதில் மெய்யெழுத்தின் குற்று அரைப்புள்ளி விசையில்தான் இருந்தது. உலக மொழிகளுக்குப் பொதுவான எழுத்துக் குறியீடான யுனிகோட்டில் 1991இல் வந்த முதற்பதிப்பிலேயே தமிழுக்கு இடம் இருந்தும், எங்கள் கைக்கு அது வந்துசேர வருசக்கணக்கானது. பாமினியை யுனிகோட்டாக்கும் மாற்றி மென்பொருளில் போட்டால் பெரும்பாலும் சரியாக வரும். நடுவில் ஆங்கிலத்தில் எழுதிய ஊர் முகவரிகள் மட்டும் தமிழ் எழுத்துக் குப்பையாக மாறிவிடும், அவற்றைக் கையால் திருத்த வேண்டும்.

மொத்தம் 43 கடிதங்கள். ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றிவிடலாம். நான் ஒரு நாளைக்கு ஒன்றுதான் மாற்றுகிறேன். மாற்றியதை மனுசிக்கு வாசித்துக் காட்டுவேன். அப்போதிருந்த மாமரம், ஆடு, அயலில் இருந்த ஆட்கள் எல்லாரும் அதற்குள் இருக்கிறார்கள். நேற்று 17ஆவது முடிந்தது.