கிளப் பாட்டும் காஞ்சிப் பட்டும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

2024-ல் உஷா உதுப்புக்கு பத்ம பூஷண் அறிவித்தபோதே எழுத நினைத்தேன், விட்டுப்போயிற்று. சென்ற வாரம் வீட்டில் நடந்த ஒரு விவாதம் அதை மறுபடி கிளறிவிட்டது. அவர் பாடியதில் பெரும்பகுதி பிறர் பாடிய பாடல்கள். தமிழில் பாடியவற்றை விரல்விட்டு எண்ணிவிடலாம். எதைப் பாடினாலும் ஒரே முழக்கம். ஜாஸ் பாடகி என்றும் சொல்கிறார்கள்; ஜாஸ் கேட்கும் என் நண்பர் இதைக் கேட்டுச் சிரிக்கிறார். பெரிய பொட்டு, பட்டுப்புடவை, காலில் கேன்வாஸ் ஷூ. இந்த வேடத்துக்கா இவ்வளவு கொண்டாட்டம்? சுசீலாவையும் ஜானகியையும் கேட்டு வளர்ந்த நாம் இவரை எங்கே வைப்பது?

எம்., ஈரோடு

அன்புள்ள எம்.,

சுசீலா, ஜானகி வரிசையில் தேடினால் உஷா உதுப் கிடைக்கமாட்டார். அவர் செய்த தொழிலே வேறு. நமக்குப் பாடகி என்றால் சினிமாவுக்குப் பின்னணி பாடுபவர், இல்லாவிட்டால் சபாவில் கச்சேரி செய்பவர். இந்திய நகரங்களில் மூன்றாவதாக ஒரு தொழில் இருந்தது: இரவு விடுதிப் பாடகி. தினமும் ஒரே மேடையில், சாப்பிட்டுக்கொண்டும் குடித்துக்கொண்டும் சத்தமாகப் பேசிக்கொண்டும் இருப்பவர்கள் முன்னால் பாடவேண்டும். அவர்கள் வந்தது பாட்டுக்காக அல்ல, சாப்பாட்டுக்காக. அவர்களைப் பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்க்க வைப்பதுதான் சம்பளத்துக்கான வேலை. எந்த மேஜையிலிருந்து எந்தப் பாட்டைக் கேட்பார்கள் என்று சொல்ல முடியாது. ஜாஸ், நாட்டுப்புறப் பாட்டு, கரீபியத் தீவுகளின் கலிப்ஸோ, அந்த மாதம் ரேடியோவில் பிரபலமானது எல்லாமே கைவசம் இருக்கவேண்டும். பிறர் பாடல்களைப் பாடினார் என்பது அங்கே குற்றச்சாட்டே ஆகாது.

1947-ல் பம்பாயில் தமிழ் ஐயர் குடும்பத்தில் பிறந்தவர். அப்பா காவல்துறை உயர் அதிகாரி. வீடு பைகுல்லா பகுதியில். சகோதரிகளும் மேடையில் பாடியவர்கள். வீட்டில் இலங்கை வானொலி ஓடிக்கொண்டே இருக்கும். அதில்தான், புகழ்பெற்ற வானொலி அறிவிப்பாளர் அமீன் சயானி கொடுத்த வாய்ப்பில், சிறுமியாக இருக்கும்போதே பாடினார். பள்ளியில் இசை வகுப்பிலிருந்து அவரை விலக்கிவிட்டார்கள் என்ற கதையை அவரே நூறு பேட்டிகளில் சொல்லியிருப்பார். சேர்ந்திசைக்குச் சிறுமிகளின் மெல்லிய, உயர்ந்த குரல்கள் வேண்டும். இவருடையதோ கீழ்ஸ்தாயியில் கனத்து ஒலிப்பது. முறையான இசைப் பயிற்சி ஏதும் இன்றுவரை இல்லை. அதை மறைத்ததும் இல்லை.

தொழில்முறைப் பாடகியாக அவர் தொடங்கியது சென்னையில். இது நம்மில் பலருக்கு மறந்துபோயிற்று. மவுண்ட் ரோட்டில் சஃபையர் தியேட்டர் வளாகத்தில் 'நைன் ஜெம்ஸ்' என்று ஒரு இரவு விடுதி இருந்தது. 1960களின் கடைசியில், இருபது வயதை ஒட்டிய உஷா ஐயர் (அன்று அதுதான் பெயர்) உறவினரைப் பார்க்கச் சென்னை வந்தவர் அங்கே பாடினார். கேட்டவர்களுக்குப் பிடித்துப்போக, விடுதிக்காரர் தொடர்ந்து பாடச் சொன்னார். கட்டியிருந்தது புடவை. நடுத்தர வர்க்கத்துப் பெண்ணிடம் வேறு என்ன இருக்கும்?

நீங்கள் வேடம் என்று எழுதிய இடத்தில்தான் நான் உங்களோடு முழுதாக மாறுபடுகிறேன். அன்றைய தமிழ்ப் படங்களை நினைத்துப் பாருங்கள். கிளப் டான்ஸ் இல்லாத படம் குறைவு. கிளப்பில் ஆடுகிற பெண் என்றால் ஜிகினா உடை, வில்லனுக்கு வேண்டியவள், நான்காவது ரீலில் குண்டடி பட்டுச் சாவாள். அதே மவுண்ட் ரோட்டில் நிஜமான கிளப்பில் ஒரு பெண் காஞ்சிப் பட்டும் பொட்டுமாக நின்று ஆங்கிலப் பாட்டு பாடிக்கொண்டிருந்தாள். வந்த ஆண்கள் எதை எதிர்பார்த்து வந்திருப்பார்கள் என்று தெரியும். அந்தப் பார்வையை முதல் நொடியிலேயே குழப்பிவிட்டு, காதை மட்டும் தன் பக்கம் இழுத்துக்கொள்ள அந்தப் புடவை உதவியது. பிற்பாடு அது அடையாளமாகவும் வியாபாரமாகவும் ஆனது உண்மைதான். புடவைத் துணியில் செய்த ஷூவும், பொட்டில் கொல்கத்தாவைக் குறிக்கும் வங்க 'க' எழுத்தும் எனக்கும் கொஞ்சம் அதிகப்படியாகத்தான் தெரிகின்றன. ஆனால் தொடக்கம் அங்கே இல்லை.

1969-ல் கல்கத்தா போனார். பார்க் ஸ்ட்ரீட்டில் டிரிங்காஸ். ஒரு சுவிஸ்காரர் தேநீர்க் கடையாகத் தொடங்கி, பிறகு கைமாறி இசை விடுதியான இடம். அந்தத் தெருவே அன்று இந்திய மேற்கத்திய இசையின் தலைநகர். வரிசையாக உணவகங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு இசைக்குழு. அங்கேதான் பின்னாளில் கணவரான கேரளக்காரரைச் சந்தித்தார். உதுப் என்ற பெயர் அப்படி வந்தது.

உங்கள் நண்பர் சிரிப்பதில் பாதி நியாயம் உண்டு. கறாராகச் சொன்னால் உஷா ஜாஸ் பாடகி அல்ல. அதே தெருவில் பாடிய பாம் கிரெய்ன் ஜாஸ் பாடகி. மெட்டை உடைத்து, தாளத்துக்குப் பின்தங்கி, அந்த நொடியில் வேறொன்றாக்கித் தருவது ஜாஸ். உஷா அதைச் செய்வதில்லை. ஆனால் ஜாஸ் மேடையிலிருந்து அவர் எடுத்துக்கொண்டது ஒன்று உண்டு. அவர் மேடைகளில் பாடிவந்த 'ஃபீவர்' பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1958-ல் அமெரிக்கப் பாடகி பெக்கி லீ பாடிப் புகழ்பெற்ற வடிவத்தில் பேஸ், டிரம்ஸ், விரல் சொடுக்கு, குரல், அவ்வளவுதான். மறைந்துகொள்ள வாத்தியம் கிடையாது. குரலைத் தாழ்த்தி, மைக்கின் பக்கத்தில் வந்து, இடைவெளிகளைப் பாடவேண்டும். பள்ளிக்கூடம் வேண்டாம் என்று ஒதுக்கிய கனத்த குரலுக்கு ஏற்ற இடம் அது.

பண்பாட்டைக் கெடுக்கிறார் என்ற புகாரும் அவருக்குப் பழையது. 1980களில் மேற்கு வங்க இடதுசாரி அரசின் பொதுப்பணித் துறை அமைச்சர் ஜதின் சக்ரவர்த்தி, இவர் பாடுவது பண்பாட்டுச் சீரழிவு என்று அரசு அரங்குகளை மறுத்தார். உஷா நீதிமன்றம் போய் வென்றார். ஊரை விட்டுப் போகவும் இல்லை. பார்க் ஸ்ட்ரீட்டில் அதற்குள் பல குழுக்கள் கலைந்து, வாசித்தவர்கள் பம்பாய்க்கும் வெளிநாட்டுக்கும் போய்விட்டிருந்தார்கள். நக்சலைட் காலத்துக் கலவரங்கள், கேளிக்கை வரி, பிறகு டிஸ்கோ என்று அடிமேல் அடி. அந்த உலகத்திலிருந்து நாடறிந்த பெயராக நிலைத்தவர்கள் மிகச் சிலர். இவர் பிழைத்ததற்குக் காரணம், போகிற ஊரின் மொழியில் பாடியது. நைரோபி போய் ஸ்வாஹிலியில் 'மலாய்கா' பாடினார். கென்யா அவரைக் கௌரவக் குடிமகளாக்கியது. கேரளத்தில் 'என்டே கேரளம்' பாடினால் அரங்கமே கூடப் பாடும். உச்சரிப்பு எல்லா மொழியிலும் சுத்தமாக இருக்கும் என்று சொல்லமாட்டேன்.

'ஒரே முழக்கம்' என்று நீங்கள் சொன்னது, 1980களின் இந்திப் பாடல்களுக்குப் பொருந்தும். 'ஹரி ஓம் ஹரி', 'ரம்பா ஹோ' எல்லாம் இசையமைப்பாளர் பப்பி லஹிரி அந்தக் குரலைப் பட்டாசாக மட்டும் பயன்படுத்தியவை. எனக்கும் அவை அலுத்துவிட்டன. 1971-ல் 'ஹரே ராமா ஹரே கிருஷ்ணா'வில் ஆஷா போஸ்லேயுடன் பாடிய பாட்டையும், நாற்பது ஆண்டு கழித்து விஷால் பரத்வாஜ் இசையில் ரேகா பரத்வாஜுடன் பாடிய 'டார்லிங்' பாட்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். இரண்டாவதில் இன்னொரு பெண் குரலின் பக்கத்தில் இவர் குரலை வைத்ததும் அதன் கரகரப்பே பாட்டின் குறும்பாகிவிடுகிறது. ஃபிலிம்ஃபேர் விருது கிடைத்தது அதற்குத்தான், இருவருக்கும் சேர்த்து.

தமிழில் ஏன் இவ்வளவு குறைவு? நம் கதாநாயகிக்கு உச்சஸ்தாயிக் குரல்தான் என்று முடிவாகியிருந்தது. கிளப் பாட்டுக்கு எல்.ஆர்.ஈஸ்வரி இருந்தார், அவரை மிஞ்ச யாராலும் முடியாது. இவருக்கென்று ஒரு இடம் மிஞ்சவில்லை. இதில் வேடிக்கை, அவரை 1975-லேயே திரையில் மேடைப் பாடகியாகவே தோன்றவைத்து ஆங்கிலத்தில் பாடவிட்ட 'மேல்நாட்டு மருமகள்' படத்தின் இயக்குநர், 'திருவிளையாடல்' எடுத்த ஏ.பி.நாகராஜன், இசை குன்னக்குடி வைத்தியநாதன். நவீனர்கள் என்று பெயர் எடுத்தவர்களுக்குத் தோன்றாதது அவர்களுக்குத் தோன்றியிருக்கிறது. 1990-ல் 'அஞ்சலி'யில் இளையராஜா 'வேகம் வேகம்' பாட்டைக் கொடுத்தார். குழந்தைகள் படத்தில் இந்தக் குரல்! காதலிக்கும் இல்லை, வில்லிக்கும் இல்லை. தமிழில் அவரைச் சரியாகப் பயன்படுத்தியது அது ஒன்றுதான் என்பேன்.

நைரோபியில் நேரலையாகப் பதிவான அவருடைய இசைத்தட்டு இணையத்தில் கிடைத்தால் அதிலிருந்து தொடங்குங்கள். அறையின் சத்தத்தோடு கேட்டால்தான் அவர் என்ன செய்கிறார் என்று தெரியும். உங்கள் நண்பரிடம் பாம் கிரெய்ன் பாடிய பதிவு ஏதாவது இருந்தால் எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். அவர் விட்டுச் சென்ற பதிவுகள் மிகக் குறைவு, தேடிக்கொண்டிருக்கிறேன்.