பழைய வின்செஸ்டரைப் புதிதாக்கலாமா?

அன்புள்ள ஐயா,

நான் மொன்டானாவில் வசிக்கிறேன். பக்கத்துப் பண்ணைக்காரர் காலமான பின் அவர் வீட்டுப் பொருட்களை விற்றார்கள். அதில் வின்செஸ்டர் 1894 லீவர் ரைஃபிள் (அடியில் இருக்கும் நெம்புகோலை இயக்கித் தோட்டா ஏற்றுவது) ஒன்றை வாங்கினேன். 30-30 தோட்டா. வரிசை எண்ணை வைத்துப் பார்த்தால் 1910களில் செய்தது. உலோகம் முழுக்கப் பழுப்பேறியிருக்கிறது, மரக்கட்டையில் நிறைய கீறல்கள். இடப்பக்கம் ஓர் இரும்பு வளையம் தொங்கிக்கொண்டு கடகடவென்கிறது. பட்டறையில் கொடுத்து உலோகத்துக்கு நீல மெருகேற்றி, கட்டையையும் தேய்த்து, வளையத்தைக் கழற்றிவிடலாம் என்றிருக்கிறேன். இதைச் சுடலாமா, சுவரில் மாட்டிவைப்பதுதான் சரியா? அடுத்து ஒன்று வாங்குவதென்றால் எது?

கே. எஸ்.

அன்புள்ள கே. எஸ்.,

பட்டறைக்கு முன்பணம் எதுவும் கொடுத்துவிடவில்லையே? கொடுத்திருந்தால் போய்த் திரும்ப வாங்கிவிடுங்கள்.

மெருகேற்றுவதற்கு முன் உலோகத்தைத் தேய்த்து வழவழப்பாக்குவார்கள். சேதம் அங்கேதான். குழலின் மேல் இருக்கும் எழுத்துகளைப் பாருங்கள். புகையில்லா வெடிமருந்துக்கென்றே செய்த நிக்கல் எஃகுக் குழல் என்று பெரும்பாலும் பொறித்திருக்கும். 30-30 தோட்டா 1895இல் வந்தபோது அது பெரிய சங்கதி, அதனால்தான் குழலிலேயே எழுதினார்கள். பாலிஷ் சக்கரத்தில் முதலில் மங்குவது அந்த எழுத்துதான். அடுத்து ஸ்க்ரூ துளைகளின் விளிம்பு குழிந்துபோகும். கட்டையும் அப்படித்தான். தொழிற்சாலையிலிருந்து வந்தபோது மரம் உலோகத்தைவிட ஒரு மயிரிழை உயர்ந்து நிற்கும். உப்புத்தாள் போட்டால் மரம் உலோகத்துக்குக் கீழே இறங்கிவிடும். விவரம் தெரிந்தவர் விரல் நுனியால் ஒரு தடவு தடவிவிட்டு வைத்துவிட்டுப் போய்விடுவார். நீலத்தை மறுபடி ஏற்றலாம், போன உலோகத்தையும் மரத்தையும் எப்படிக் கொண்டுவருவது?

வளையத்தைத் தொடவே தொடாதீர்கள். அது இருப்பதால்தான் உங்களுடையது குதிரைக்காரர்களுக்கான கார்பைன், அதாவது குட்டையான ரைஃபிள். சேணத்தில் மாட்ட வைத்தது. 1920களின் நடுவில் வின்செஸ்டர் அதை விட்டுவிட்டது. வளையத்துக்குக் கீழே உலோகத்தில் பிறை வடிவில் ஒரு தேய்மானம் இருக்கிறதா? வளையம் வருடக்கணக்காக ஆடி ஆடி உண்டாக்கிய தடம் அது. போலியாகச் செய்ய மெனக்கெடுகிறார்கள், உங்களுக்குச் சும்மா கிடைத்திருக்கிறது. சத்தம்தான் தொந்தரவு என்றால் சிறிய தோல் வாரைச் சுற்றிக் கட்டுங்கள்.

மெல்லிய எண்ணெய், பழைய பருத்தித் துணி, இது போதும். ஸ்க்ரூவைத் திறப்பதாக இருந்தால் அதன் பள்ளத்துக்குச் சரியாகப் பொருந்தும் ஸ்க்ரூ டிரைவர் மட்டும். வீட்டில் கிடக்கும் ஆப்பு வடிவ டிரைவர் பள்ளத்தைப் பிய்த்துவிடும். முன்கட்டையைக் கழற்றினால் அடியில், கையும் வெயிலும் படாத இடத்தில், பழைய நீலம் கொஞ்சம் மிஞ்சியிருக்கலாம். பார்த்து ரசித்துவிட்டு மூடிவிடுங்கள்.

வயோமிங்கில் கோடி ஊர் அருங்காட்சியகத்தில் வின்செஸ்டர் தொழிற்சாலையின் பழைய பேரேடுகள் இருக்கின்றன. வரிசை எண்ணைக் கொடுத்தால் எந்த வடிவில் எப்போது வெளியே போனது என்று கடிதம் தருவார்கள். 1894 மாடலில் ஆரம்பகால எண்களுக்கு மட்டும்தான் பேரேடு உண்டு, உங்களுடையது அதைத் தாண்டியது. போகட்டும். எழுபது லட்சத்துக்கும் மேல் செய்த மாடல் அது.

சுடலாமா? தாராளமாக. சுவரில் மாட்டினால் அந்தத் துப்பாக்கியில் பாதியைத்தான் அனுபவிப்பீர்கள். சட்டை வியாபாரியாக இருந்த ஆலிவர் வின்செஸ்டர் பெயரில் அது இருந்தாலும், உள்ளே இருப்பது துப்பாக்கி வடிவமைப்பாளர் ஜான் பிரவுனிங்கின் மூளை. லீவரைக் கீழே தள்ளுங்கள். அடிப்பலகையே கூட இறங்கும், பின்னால் செங்குத்தாக நிற்கும் பூட்டுக்கட்டை வழுக்கி விழும், தோட்டா அறையை மூடும் போல்ட் பின்வாங்கிச் சுத்தியலை மடக்கும், காலித் தோட்டா மேலே துள்ளும். திரும்ப மூடும்போது அடுத்த தோட்டா ஏறி அறைக்குள் போயிருக்கும். மெதுவாக, பயந்து பயந்து இயக்காதீர்கள். அரைகுறையாகத் தள்ளினால்தான் சிக்கும்.

ஆனால் அதற்கு முன் ஒரு துப்பாக்கி மெக்கானிக்கிடம் காட்டுங்கள். போல்ட்டுக்கும் தோட்டாவுக்கும் உள்ள இடைவெளியை அளக்கச் சொல்லுங்கள். இதில் தனி சேஃப்டி கிடையாது, சுத்தியலின் பாதி நிலைதான் பாதுகாப்பு. சுத்தியலை அந்த நிலையில் பிடித்துவைக்கும் காடி தேய்ந்திருந்தால் ஆபத்து. தோட்டாக்கள் குழலுக்கு அடியில் இருக்கும் குழாய்க்குள் ஒன்றன் பின் ஒன்றாக நிற்பதால், பின்னால் இருப்பதன் மூக்கு முன்னால் இருப்பதன் பிரைமரில், அதாவது தட்டினால் தீப்பற்றும் பகுதியில், முட்டும். அதனால் மூக்கு தட்டையான தோட்டாதான். இல்லையென்றால், ரப்பர் போன்ற மென்மையான முனை வைத்துக் குழாய்க்கென்றே செய்தது. சாதாரணக் கூர்முனைத் தோட்டா கூடவே கூடாது. (சாவேஜ் கம்பெனியின் 1899 ரைஃபிள், தோட்டாக்களை வைக்கும் மேகசீனைச் சுழலும்படி செய்து இந்தத் தொல்லையைத் தீர்த்தது. அழகான வேலை, லீவர் பிரியர்கள் அதற்குரிய மரியாதையைக் கொடுப்பதில்லை என்பது என் வருத்தம்.)

அடுத்தது எது? இன்னொரு வின்செஸ்டர்தான் என்றால் 1964க்கு முந்தியதைப் பாருங்கள். அந்த வருடம் செலவைக் குறைக்கத் தயாரிப்பு முறையை மாற்றினார்கள். தகட்டில் அடித்த பாகங்கள் வந்தன. அவையும் சுடும், ஆனால் லீவரை இயக்கும்போது கைக்கே வித்தியாசம் தெரியும். பழைய வின்செஸ்டர் 1873 மாடல் மீது ஆசை இருந்தால் அசலைத் தேடி அலைய வேண்டாம், இத்தாலியில் உபெர்ட்டி கம்பெனி செய்யும் நகலை வாங்கிச் சுட்டு மகிழுங்கள்.

என்னைக் கேட்டால் மார்லின் 336. 1948இல் வந்தது. மேல்பக்கம் மூடியிருக்கும், காலித் தோட்டா பக்கவாட்டில் தெறிக்கும், அதனால் நடுவில் குறிபார்க்கும் ஸ்கோப் மாட்டலாம். உங்கள் 1894இல் அது முடியாது. குழலில் ஜே.எம். முத்திரை உள்ளதைத் தேடுவார்கள், 2007இல் ரெமிங்டன் கம்பெனி மார்லினை வாங்குவதற்கு முந்திய காலத்து அடையாளம். 2020இல் ரூகர் கம்பெனி வாங்கியபின் வருபவையும் நன்றாகவே இருக்கின்றன. இரண்டையும் கையில் எடுத்து லீவரை இயக்கிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.