திருடனை அடித்ததற்கு வழக்கா?

கேள்வி: சென்ற மாதம் இரவு இரண்டு மணியளவில் ஒருவன் பின்கதவின் பூட்டை உடைத்து எங்கள் வீட்டினுள் புகுந்தான். கையில் கடப்பாரையுடன் நின்ற அவனை என் தம்பி கட்டையால் தோளில் அடித்தான். மேசையிலிருந்த கைப்பேசியை எடுத்துக்கொண்டு ஓடியவனை அண்டை வீட்டாருடன் சேர்ந்து தெருமுனையில் மடக்கி, கைப்பேசியை மீட்டோம். பின்பு கம்பத்தில் கட்டிவைத்து அடித்ததில் அவனுக்குக் கை முறிந்துவிட்டது. இப்போது தம்பி மீதும் வழக்கு. வீடு புகுந்தவனை அடிக்க எங்களுக்கு உரிமை இல்லையா?

பதில்: உரிமை உண்டு, ஆனால் அந்த இரவில் நடந்தது ஒரே அடி அன்று. வீட்டினுள் விழுந்ததையும் கம்பத்தடியில் விழுந்ததையும் சட்டம் தனித்தனியாகவே பார்க்கும்.

இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் தற்காப்புரிமையைப் பற்றியவை. சூரியன் மறைந்த பின்னும் உதிக்கும் முன்னும் வீட்டை உடைத்துப் புகுபவனுக்கு எதிராக, தேவை ஏற்படின் உயிரிழப்பை விளைவிக்கும் அளவுக்குக்கூட இவ்வுரிமை நீளும் என்கிறது 41ஆம் பிரிவு. காவல்துறையின் உதவியை நாட அவகாசம் இருந்தால் இவ்வுரிமை இல்லை என்று 37ஆம் பிரிவு கூறினாலும், கடப்பாரையோடு ஒருவன் எதிரே நிற்கையில் அந்த அவகாசம் யாருக்கும் வாய்ப்பதில்லை. அந்நேரத்தில் ஓங்கிய கையின் வேகத்தைத் தராசில் வைத்து நிறுக்க முடியாது என்பதை நீதிமன்றங்களும் ஏற்றுக்கொண்டுள்ளன. எனவே தோளில் விழுந்த அடியைப் பற்றித் தங்கள் தம்பி கலங்க வேண்டியதில்லை.

துரத்திப் பிடித்ததும் தவறன்று. திருட்டைப் பொறுத்தவரை, திருடன் பொருளுடன் தப்பிச் சென்றுவிடும் வரை, அல்லது காவல்துறையின் உதவி கிடைக்கும் வரை, அல்லது பொருள் மீட்கப்படும் வரை உரிமை தொடர்கிறது என்பது 43ஆம் பிரிவு. அவ்வாறு பிடித்தவனை ஆறு மணி நேரத்துக்குள் காவல்துறையிடம் ஒப்படைக்க வேண்டும் என்கிறது குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 40ஆம் பிரிவு.

சிக்கல் அதன் பிறகுதான். கைப்பேசி கைக்கு வந்து, அவனும் கட்டுண்ட பின் விழுந்த அடிகளுக்குத் தற்காப்பு என்ற பெயர் பொருந்தாது. அது தண்டனை, அதை விதிக்கும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு மட்டுமே உரியது. எலும்பு முறிவு சட்டத்தின் பார்வையில் கொடுங்காயம். நியாய சன்ஹிதாவின் 117(2)ஆம் பிரிவின்படி அதற்கு ஏழு ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை விதிக்கலாம். பலர் ஒரே நோக்கத்துடன் அடித்திருந்தால், கையை முறித்த அடி யாருடையது என்ற கேள்வியும் பெரிதும் உதவாது.

தற்காப்பை நிரூபிக்கும் பொறுப்பு அதைக் கோருபவருடையது. ஆனால் ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியதில்லை, நிகழ்ந்திருக்கக் கூடியது என்று காட்டினால் போதும். ஆகவே உடைந்த பூட்டையும் கடப்பாரையையும் விசாரணை அதிகாரி கைப்பற்றியிருக்கிறாரா என்று பாருங்கள். தம்பிக்குக் காயம் இருந்திருந்தால் அரசு மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு நகலைப் பெறுங்கள். வீடு புகுந்தது குறித்த தங்கள் புகார் தனி வழக்காகப் பதிவாகாமல் இருந்தால் எழுத்து மூலம் வலியுறுத்துங்கள். "நாங்கள் அடிக்கவே இல்லை" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்; அடித்ததையே மறுப்பவர், தற்காப்புக்காக அடித்தேன் என்று பிறகு வாதிடுவது எடுபடுவது கடினம்.

முதல் தகவல் அறிக்கையில் 117(2) மட்டுமே இருந்தால் அது பிணையில் விடக்கூடிய குற்றம். கட்டையை அபாயகரமான ஆயுதமாகக் கருதி 118(2)ஆம் பிரிவும் சேர்க்கப்பட்டிருந்தால் நிலைமை வேறு; அது பிணையில் விடக்கூடிய குற்றமன்று. தம்பி இன்னும் கைதாகாத பட்சத்தில், காலம் தாழ்த்தாமல் முன்பிணை (கைதுக்கு முன்பே பெறும் பிணை) மனுவைத் தாக்கல் செய்யுங்கள்.